படலமாக்கும் பலபடி: ஓர் ஒப்பனைப் பொருளின் பெயரும் பெயர்க்காரணமும்

0. முன்னுரை

அறிவியற் கலைச்சொற்கள் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் பாடநூல்களையும் கலைச்சொல் அகராதிகளையும் தரவாகக் கொண்டு நிகழ்ந்துள்ளன. பள்ளிக் கல்வியை முடித்த ஒருவர் அதன்பின் வேதியியற் சொற்களை மிகுதியாக எதிர்கொள்ளும் இடம் வேறு. தலைக்கிடும் ஜெல், முகப்பூச்சு, நகப்பூச்சு, கண்மை ஆகியவற்றின் புட்டிகளிலும் பெட்டிகளிலும் நுண்ணெழுத்தில் அச்சிடப்பெறும் உட்பொருட் பட்டியலே அவ்விடம். இச்சொற்களை வாங்குவோர் காண்கின்றனர், ஆனால் படிப்பதில்லை. படிக்க முயல்வோர்க்கும் அவை பொருள் தருவதில்லை.

இக்கட்டுரை அத்தகைய பெயர்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பாலிவினைல்பைரோலிடோன் என்பது அப்பெயர். வேதியியலார் இதனைப் படலமாக்கும் செயற்கைப் பலபடி என வகைப்படுத்துவர். இப்பொருள் எவ்வாறு செயற்படுகிறது, எத்தனை பெயர்களால் வழங்குகிறது, அதன் வகைப்பெயரும் தொழிற்பெயரும் தமிழில் எவ்வாறு அமைந்துள்ளன என்பவற்றை விளக்குவதும், பெயர்வழக்கில் உள்ள தெளிவின்மை பயன்படுத்துவோரின் உடல்நலத்தைத் தொடும் இடங்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழக வழக்கோடு இலங்கைத் தமிழ் வழக்கும், திருவனந்தபுரத்தில் தமிழோடு நாள்தோறும் உறவாடும் மலையாள வழக்கும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

1. பொருளின் அமைப்பும் செயலும்

1.1 அமைப்பு

வினைல்பைரோலிடோன் என்பது ஒரு சிறு மூலக்கூறு. இதில் இரு கூறுகள் உள்ளன. ஒன்று, இரட்டைப் பிணைப்பால் இணைந்த இரு கரி அணுக்களைக் கொண்ட வினைல் தொகுதி. மற்றொன்று, நான்கு கரி அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த ஐந்துறுப்பு வளையம். இவ்வளையத்தின் கரி அணுக்களுள் ஒன்று ஆக்சிஜனைத் தாங்கி நிற்கும். வினைல் தொகுதியின் இரட்டைப் பிணைப்பு திறந்து அடுத்த மூலக்கூற்றோடு இணைய, அது அதற்கடுத்ததோடு இணைய, நீண்ட சங்கிலி உருவாகிறது. இச்சங்கிலியின் தண்டு வினைல் தொகுதிகளால் ஆனது. வளையங்கள் அத்தண்டின் பக்கத்தே தொங்குவன.

ஓர் அலகின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 111 ஆகும். கே-30 என வணிகத்தில் வழங்கும் வகையின் சராசரி மூலக்கூறு எடை 50,000 அளவில் அமையும். எனவே ஒரு சங்கிலியில் ஏறத்தாழ 450 அலகுகள் உள்ளன எனக் கொள்ளலாம். கே-90 எனப்படும் வகையில் சங்கிலி இதனினும் பன்மடங்கு நீண்டது. 'கே' என்னும் குறி கரைசலின் பிசுபிசுப்பைக் கொண்டு கணிக்கப்பெறும் மதிப்பைக் குறிக்கும். சங்கிலி நீள நீள இம்மதிப்பு உயரும்.

1.2 படலம் உருவாதல்

இப்பலபடி நீரிலும் ஆல்கஹாலிலும் எளிதிற் கரையும். கரைசலில் சங்கிலிகள் தனித்தனியே சுருண்டு மிதக்கும். கரைசலைத் தலைமயிரில் தெளித்தபின் கரைப்பான் ஆவியாகிறது. நீர்மம் குறையக் குறையச் சங்கிலிகள் நெருங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இறுதியில் எஞ்சுவது கண்ணுக்குப் புலனாகாத, ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். இரு மயிரிழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் கரைசல் துளியாகத் தங்கிக் காய்வதால், அவ்விடங்கள் ஒட்டுப்போட்டவை போல் இறுகுகின்றன. கூந்தல் தன் வடிவில் நிற்பதற்கு இவ்வொட்டுகளே காரணம். நீரில் கழுவினால் படலம் மீண்டும் கரைந்து நீங்கும்.

நீரை நாடும் இவ்வியல்பு ஒருவகையில் குறையுமாகும். காற்றின் ஈரத்தை இப்படலம் உறிஞ்சி நெகிழ்ந்து பிசுபிசுக்கும். உலர்ந்த நாடுகளில் நொறுங்கும் அளவுக்கு இறுகும் படலம், கேரளத்தின் மழைக்காலத்தில் கையில் ஒட்டும் நிலையை எய்துவது இதனால்தான். வினைல் அசிடேட் என்னும் மற்றோர் அலகையும் சங்கிலியில் இடையிடையே கோத்து ஈரநாட்டத்தைக் குறைப்பர். இவ்வாறு இருவகை அலகுகளால் ஆனதை இணைப்பலபடி எனலாம்.

1.3 வரலாறு

ஜெர்மனியில் அசிட்டிலீன் வேதியியலை வளர்த்த வால்டர் ரெப்பே என்பாரின் ஆய்வுகளின் பயனாக இப்பொருள் கிடைத்தது. அதற்கான காப்புரிமை 1939-இல் பெறப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது குருதி இழந்தோர்க்குக் குருதிநீருக்கு மாற்றாக இதன் கரைசல் செலுத்தப்பட்டது. ஒப்பனைத் துறையில் இது பரவியது 1950-களில் ஆகும். அதற்குமுன் கூந்தல் தெளிப்பான்களில் படலம் தந்த பொருள் அரக்கு. இந்தியாவே அரக்கு விளைவில் முதன்மை பெற்ற நாடு. ஆல்கஹாலில் கரையும் அரக்கு நீரில் எளிதில் கரையாது. எனவே அதனைக் கழுவி நீக்குவது கடினம். நீரில் கரையும் புதிய பலபடி அரக்கின் இடத்தைப் பிடித்ததற்கு இதுவே முதற்காரணம்.

இங்கு ஒரு சொல்வரலாறும் உண்டு. பிரித்தானிய ஆங்கிலத்தில் கூந்தல் தெளிப்பானுக்கு 'லாக்கர்' என்னும் பெயரும் வழங்கியது. அது 'லாக்' என்னும் அரக்கின் பெயரிலிருந்து பிறந்தது. பொருள் மாறிய பின்னரும் பெயர் நின்றது. இதனையொத்த நிலையைத் தமிழிலும் பின்னர்க் காண்போம்.

2. ஒரு பொருள், பல பெயர்

2.1 பெயர்களின் வகை

இவ்வொரு பொருள் துறைதோறும் வெவ்வேறு பெயர் பெறுகிறது. வேதியியலில் பாலிவினைல்பைரோலிடோன், மருந்தியலில் பொவிடோன் அல்லது பாலிவிடோன், ஒப்பனைப் பொருள்களின் பன்னாட்டுப் பெயரிடு முறையில் பி.வி.பி.; உணவுச் சேர்க்கைப் பொருள்களின் ஐரோப்பியப் பட்டியலில் இ 1201. மாத்திரைகளில் தூளைப் பிணைக்கும் பொருளாகப் பொவிடோன் இடம்பெறுகிறது. சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து நீரில் கரையாதவாறு ஆக்கப்பெற்ற வகை கிராஸ்பொவிடோன் எனப்படும். புண்களுக்கு இடும் பழுப்பு நிறக் கரைசலான பொவிடோன் அயோடின், அயோடினை இதே பலபடியோடு சேர்த்து 1955-இல் உருவாக்கப்பட்டதாகும். பெட்டாடின் என்னும் வணிகப்பெயரால் இந்திய இல்லங்களில் அறியப்படுவது இதுவே.

சொல்லமைப்பு நோக்கில் இப்பெயர்கள் மூவகையின. முதலாவது முழுத்தொகை: 'பாலி' (பல), 'வினைல்', 'பைரோலிடோன்' ஆகியவை தம் வடிவு கெடாது தொடர்கின்றன. இரண்டாவது குறுக்கக் கலப்பு: அதே மூன்று சொற்களின் துண்டுகளாகிய பொ, வி, டோன் என்பன சேர்ந்து 'பொவிடோன்' ஆயிற்று. மூன்றாவது தலையெழுத்துக் குறுக்கம்: பி.வி.பி. இலக்கண நூலார் வகுத்த காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்னும் பாகுபாட்டை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். வேதியியல் அறிந்தார்க்கு முழுத்தொகை காரணப்பெயர். பொவிடோன் என்பதில் காரணம் மங்கியுள்ளது. பி.வி.பி. என்பதில் காரணம் அறவே மறைந்து, அப்பெயர் படிப்போர்க்கு இடுகுறியாகி விடுகிறது.

2.2 பெயர் பிரிதலின் விளைவு

ஒரு பொருள் பல பெயர்களில் பிரிந்து நிற்பதால் நேரும் இடர் கற்பனையானதன்று. பொவிடோனால் கடும் ஒவ்வாமை அடைந்தோர் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வெளிவந்துள்ளன. இது மிக அரிது. எனினும் அவ்வாறு உறுதிசெய்யப்பட்ட ஒருவர் தம் மருத்துவச் சீட்டில் 'பொவிடோன்' என்ற பெயரையே கொண்டிருப்பார். தலைக்கிடும் ஜெல்லின் பட்டியலில் அவர் காண்பது மூன்று உரோமன் எழுத்துகள் மட்டுமே. இரண்டும் ஒன்றே என அறிய அவருக்கு எந்த வழியும் பெயரிலேயே இல்லை. மருத்துவரிடம் கேட்டுத் தெளியலாம் என்னும் ஐயம் கூட எழாது.

இதற்கு மறுதலையான இடரும் உண்டு. வெவ்வேறு பொருள்கள் பெயர் ஒப்புமையால் ஒன்றெனக் கருதப்படுதல் அது. பி.வி.சி. என்பது நீர்க்குழாய்களால் எல்லார்க்கும் அறிமுகமானது. பி.வி.பி. என்பதைக் கண்டவர் குழாய்க்குரிய பிளாஸ்டிக்கைத் தலையில் பூசுவதாக அஞ்சுதல் இயல்பே. உண்மையில் இவை ஒரே தண்டையும் வெவ்வேறு பக்கத் தொகுதிகளையும் உடையவை. தண்டில் குளோரின் தொங்கினால் அது பி.வி.சி.; நீரில் கரையாது. அசிடேட் தொகுதி தொங்கினால் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையின் பலபடி. ஹைட்ராக்சில் தொகுதி தொங்கினால் பாலிவினைல் ஆல்கஹால். முகத்தில் பூசிக் காய்ந்தபின் தோல்போல் உரித்தெடுக்கும் பூச்சுகளில் இது பயன்படுகிறது. பைரோலிடோன் வளையம் தொங்கினால் நாம் ஆராயும் பொருள். ஒரே பகுதியோடு வெவ்வேறு விகுதிகள் சேர்ந்து பொருள் வேறுபடும் சொற்களை இவை ஒக்கும். பகுதி ஒன்றாயிருத்தல் பொருள் ஒன்றாயிருத்தலைக் காட்டாது.

2.3 எழுத்துப்பெயர்ப்பு

தமிழில் எழுதும்போது மேலும் ஒரு பிரிவு நேர்கிறது. முன்னொட்டின் உயிரொலி தமிழகத்தில் 'பாலி' என நெட்டுயிராகவும், இலங்கையில் 'பொலி' எனக் குற்றுயிராகவும் எழுதப்படுகிறது. தமிழகத்தார் பாலித்தீன் என்பதை இலங்கையர் பொலித்தீன் என்பர். மலையாளத்தில் இது 'போளி' என வழங்கும். ஈற்று லகரம் ளகரமாகிறது. பின்னுறுப்போ பைரோலிடோன், பைரலிடோன், பிரோலிடோன் எனப் பலவாறு எழுதப்படக் கூடியது. மூல ஒலிக்கு எது மிக அணுக்கமானது என்பதைவிட, ஒரே வடிவம் எங்கும் பின்பற்றப்படுகிறதா என்பதே கலைச்சொல்லுக்கு இன்றியமையாதது.

3. வகைப்பெயர்: பலபடி, பல்லுறுப்பி, பல்பகுதியம்

'பாலிமர்' என்னும் சொல் கிரேக்க மொழியின் 'பல', 'பகுதி' என்னும் பொருளுடைய இரு சொற்களிலிருந்து ஆனது. சுவீடன் நாட்டு வேதியியலார் பெர்சீலியஸ் 1833-இல் இதனை ஆளத் தொடங்கியபோது அதன் பொருள் வேறு. ஒரே அணுவிகிதமும் வெவ்வேறு மூலக்கூறு எடையும் உடைய சேர்மங்களை அவர் குறித்தார். நீண்ட சங்கிலி மூலக்கூறு என்னும் இன்றைய கருத்து ஜெர்மானியராகிய ஸ்டாடிங்கர் 1920-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே வேரூன்றியது. அவருக்கு 1953-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தமிழில் இதற்குப் பல ஆக்கங்கள் உள்ளன. தமிழகப் பாடநூல்களில் 'பலபடி' என்பதும் அதன் இணையாக 'ஒருபடி' என்பதும் ஆளப்படுகின்றன. 'பல்லுறுப்பி' என்பதும் தமிழக வழக்கே. இலங்கைப் பாடநூல்களில் 'பல்பகுதியம்', 'ஒருபகுதியம்' என்பன வழங்குகின்றன. நாளிதழ்களில் 'பாலிமர்' என்னும் எழுத்துப்பெயர்ப்பு மிகுதி. கேரளப் பள்ளி நூல்கள் மலையாளத்தில் எழுத்துப்பெயர்ப்பையே பெரிதும் கொண்டுள்ளன.

இவற்றுள் பல்பகுதியம் மூலச்சொல்லின் உறுப்புகளை நேராகப் பெயர்க்கிறது. பல்லுறுப்பி என்பது 'உறுப்பு' என்னும் சொல்லால் முழுமைக்கும் அதன் கூறுக்கும் உள்ள உறவை நன்கு உணர்த்துகிறது. பலபடி என்பதிலுள்ள 'படி' பல பொருள் ஒருசொல். மாடிப்படி, முகத்தலளவை, பிரதி, விதம் எனப் பல பொருள் இதற்கு உண்டு. 'பலபடியாக' என்னும் வழக்கு 'பல வகையாக' என்றே பொருள்படும். எனவே பெயர்க்காரணம் தெளிவாக இல்லை என்னும் குறை இதற்கு உண்டு. ஆயினும் பலபடி, ஒருபடி, இணைப்பலபடி, பலபடியாதல், பலபடியாக்கல் எனக் கிளைச்சொற்களை எளிதில் தருவதாலும், கல்வியில் நிலைபெற்றுவிட்டதாலும் இக்கட்டுரையில் அதுவே கொள்ளப்படுகிறது. எதனைக் கொண்டாலும் 'ஒரு–பல' என்னும் எதிரிணை கெடாதிருத்தல் வேண்டும். 'பாலிமர்' என எழுத்துப்பெயர்த்து, அதன் கூறுக்கு மட்டும் தமிழ்ச்சொல் ஆள்வதால் இவ்வெதிரிணை மறைகிறது. அதன் முதன்மையை ஆறாம் பகுதியில் காண்போம்.

4. தொழிற்பெயர்: 'படலம்' என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'ஃபிலிம்' என்னும் ஒரு சொல் குறிக்கும் பொருள்கள் தமிழில் பல சொற்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. திரையில் காண்பது படம். ஒளிப்படக் கருவியில் இடுவது சுருள். பரப்பின்மேல் மெல்லிதாகப் படிவது படலம். இது தமிழின் பொருட்பாகுபாட்டு நுட்பத்தைக் காட்டும். எனினும் மூன்றாவது பொருளுக்குப் போட்டியிடும் சொற்கள் வேறும் உண்டு.

சவ்வு என்பது உயிருடலின் மெல்லிய தோல் போன்ற பகுதியைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. உயிரற்ற பூச்சுக்கு அதனை நீட்டினால் மயக்கம் நேரும். ஏடு என்பது பனையோலையையும் சுவடியையும் முதலில் நினைவூட்டும். பாலேடு என்னும் தொடரில் மட்டுமே பரப்பில் படியும் பொருளைச் சுட்டுகிறது. பாலாடை என்பதில் உள்ள 'ஆடை' அழகிய உருவகம். காய்ச்சிய பாலின் மேற்பரப்பு நீரிழந்து உலர்கையில் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஏடாகப் படிவதே பாலாடை. புரதமும் இயற்கைப் பலபடியாதலின், படலம் உருவாதலுக்கு அடுக்களையில் காணும் சான்று இதனினும் வேறு வேண்டா. மலையாளத்தில் இதனைப் 'பாட' என்பர். ஆயினும் உடையைக் குறிக்கும் வழக்கு வலிமையுடையதாதலின் ஆடை என்பது கலைச்சொல்லாதற்கு ஏற்றதாகத் தோன்றவில்லை.

படலம் வடமொழிச் சொல். மூடுவது, மறைப்பது, கண்ணில் படரும் நோய், நூலின் உட்பிரிவு எனப் பல பொருளில் தமிழில் நெடுங்காலமாக வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை பின்னாளில் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். இன்றைய வழக்கில் புகைப்படலம், தூசிப்படலம், ஓசோன் படலம் எனத் தடிப்பின் அளவைக் கருதாமலே இச்சொல் ஆளப்படுகிறது. மலையாளத்திலும் நேத்ரபடலம் முதலிய தொடர்களில் இது வழங்குவதால் இரு மொழியினர்க்கும் பொதுவாகிறது. மெல்லியது என்னும் கருத்தை வலியுறுத்த வேண்டின் மென்படலம் எனலாம்.

இதிலிருந்து 'படலமாக்கி' என்னும் கருவிப்பெயரை ஆக்கலாம். படலமாக்கு என்னும் வினையோடு இகர ஈறு சேர்ந்த வடிவம் இது. குளிரூட்டி போன்ற சொற்கள் இதே ஈற்றால் மக்கள் வழக்கில் வேரூன்றியுள்ளன. 'படலமாக்கி' என்பது வினையெச்ச வடிவத்தோடு ஒத்திருத்தல் குறையெனலாம். ஆனால் 'குளிரூட்டி' என்பதற்கும் அவ்வொப்புமை உண்டு, தொடரில் அதனால் மயக்கம் நேர்வதில்லை. உட்பொருட் பட்டியலில் பெயர்கள் மட்டுமே வருவதால் அங்கு இம்மயக்கத்திற்கு இடமே இல்லை.

5. மக்கள் வழக்கு

கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுவோர் மக்கள் தாமே இட்டுக்கொண்ட பெயர்களை நோக்காது விடுதல் பொருந்தாது. படலமாக்கும் ஒப்பனைப் பொருள்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் மூன்று அடிப்படைகளில் அமைகின்றன.

முதலாவது, பொருளின் நிலை. 'சாந்து' என்பது குழைவாக இருந்து, பூசியபின் இறுகும் பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயர். சுண்ணாம்புச் சாந்து சுவரில் இறுகும். சந்தனச் சாந்து உடலில் உலரும். சாந்துப் பொட்டு நெற்றியில் படலமாகும். வீட்டில் செய்யும் கருஞ்சாந்து, ஜவ்வரிசி அல்லது அரிசியைக் கருக வறுத்து, நீர்விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றி உலர்த்தப்படுவது. வேண்டும்போது நீர் தொட்டுக் குழைத்துக் குழந்தையின் நெற்றியில் இடுவர். இதன் வேதியியல் நோக்கத்தக்கது. மாவுப்பொருள் ஓர் இயற்கைப் பலபடி. வறுக்கும்போது அதன் நீண்ட சங்கிலிகள் சிறு சங்கிலிகளாக உடைந்து நீரில் எளிதிற் கரையும் தன்மை பெறுகின்றன. உலர்ந்தால் படலம், நனைந்தால் கரைசல் என்னும் இயல்பு பாலிவினைல்பைரோலிடோனுக்கும் இதற்கும் பொதுவாகும். பின்னாளில் புட்டியில் அடைத்து விற்கப்பெற்ற நீர்மப் பொட்டுகளிலும் 'சாந்து' என்னும் பெயர் தொடர்ந்தது. 'லாக்கர்' போலவே இங்கும் பொருள் மாறப் பெயர் நின்றது. திருவனந்தபுரத்தில் தமிழர் சாந்து என்பதை மலையாளிகள் 'சாந்து' என்னும் அதே சொல்லைச் சகர ஒலி வேறுபாட்டோடு வழங்குகின்றனர்.

இரண்டாவது, செயல்முறை. ஒட்டுப்பொட்டு, ஸ்டிக்கர் பொட்டு என்பன இவ்வகை. மூன்றாவது, வணிகப்பெயர். நகப்பூச்சுக்குக் 'கியூட்டெக்ஸ்' என்னும் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் பொதுப்பெயராகிவிட்டது. எந்த நிறுவனத்தின் புட்டியாயினும் இப்பெயரால் சுட்டப்படுதல் உண்டு.

இம்மூன்றிலும் பொருளின் அமைப்பு பெயர்க்கு அடிப்படையாகவில்லை. அறிவியற் பெயர் அமைப்பைக் கூறுகிறது. மக்கட்பெயர் செயலையும் நிலையையும் கூறுகிறது. வாங்குவோர் அறிய விரும்புவது பெரும்பாலும் பின்னதையே. 'இது பூசினால் என்ன செய்யும்?' என்பதே அவர்தம் முதல் வினா. படலமாக்கி என்பது இவ்வினாவுக்கு விடையாகும் சொல்.

6. சொல் வேறுபாடும் உடல்நலமும்

பலபடிக்கும் ஒருபடிக்கும் உள்ள வேறுபாடு உடல்நல நோக்கில் மிகவும் இன்றியமையாதது. நீண்ட சங்கிலியாகிய பலபடி பெரிய மூலக்கூறாதலின் தோலை எளிதில் ஊடுருவுவதில்லை. சிறு மூலக்கூறாகிய ஒருபடி ஊடுருவக்கூடியது. வேதிவினை புரியும் ஆற்றலும் உடையது. ஆதலின் பலபடியில் வினைபுரியாமல் எஞ்சிய ஒருபடியின் அளவே பெரும்பாலும் கவலைக்குரியதாகிறது. மருந்துக்குரிய பொவிடோனில் எஞ்சிய வினைல்பைரோலிடோன் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மிகலாகாது என மருந்தியல் நூல்கள் வரம்பிட்டுள்ளன. ஒப்பனைப் பொருள்களில் இப்பலபடியை அமெரிக்க வல்லுநர் குழு ஆராய்ந்து, பயன்பாட்டில் உள்ள முறையில் தீங்கற்றது என 1998-இல் வெளிவந்த அறிக்கையில் முடிவு கூறியது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1958-இல், தெளிப்பானின் நுண்துளிகளை உள்ளிழுத்தோர் நுரையீரலில் இப்பொருள் தங்குவதாக ஐயம் எழுப்பப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதியாக நிலைநாட்டவில்லை.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் இந்திய எடுத்துக்காட்டு ஒட்டுப்பொட்டாகும். பொட்டு ஒட்டிய இடத்தில் தோல் நிறமிழந்து வெளுத்தல் பற்றி இந்தியத் தோல்நோய் மருத்துவர்கள் 1990-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒட்டும் பசையிலுள்ள பிசினில் கட்டுறாது எஞ்சிய பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் சிறு மூலக்கூறே அதற்குக் காரணமெனக் காட்டப்பட்டது. இது நாம் ஆராயும் பலபடியின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் நெறி ஒன்றே: பெரிய மூலக்கூற்றில் கட்டுண்ட நிலை வேறு, கட்டுறாத நிலை வேறு. நெற்றியின் நடுவே தோன்றும் வெண்புள்ளி ஒரு பெண்ணுக்கு மருத்துவச் சிக்கல் மட்டுமன்று. வெண்படை பற்றிய அச்சம் மிகுந்த நம் சமூகத்தில் அது அவள் வாழ்வையே தொடுவது.

செயற்கை நகங்களை உருவாக்கப் பயன்படும் மெத்தாக்ரிலேட் ஒருபடிகள் ஒவ்வாமை விளைப்பன. கண்ணிமை மையிலும் நீரில் கரையாத வெயிற்காப்புப் பூச்சிலும் உள்ள அக்ரிலேட்டு இணைப்பலபடிகள் முன்னமே வினைமுடிந்தவை. உட்பொருட் பட்டியலில் இவற்றை வேறுபடுத்துவது 'இணைப்பலபடி' என்னும் ஒரு சொல்லே. மொழிபெயர்ப்போர் சுருக்கம் கருதி அச்சொல்லை விட்டு 'அக்ரிலேட்' என்று மட்டும் எழுதினால், தீங்கற்றது தீங்குடையதாகவும் தீங்குடையது பொதுவானதாகவும் தோன்றிவிடும். எதிரிணை கெடாதிருத்தல் வேண்டும் என மேலே கூறியது இதனாலேயாம்.

7. பெயரீட்டு நெறி

1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துள் ஒப்பனைப் பொருள்கள் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. தனி ஒப்பனைப் பொருள் விதிகள் 2020-இல் வெளியிடப்பட்டன. ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட உட்பொருள்களை அளவின் இறங்குவரிசையிலும், எஞ்சியவற்றை எவ்வரிசையிலும் குறிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நீர்மமாயின் 60 மில்லிலிட்டருக்கும், திண்மமாயின் 30 கிராமுக்கும் குறைந்த கொள்கலன்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. நகப்பூச்சும் கண்மையும் நீர்மப் பொட்டும் பெரும்பாலும் இச்சிறு கொள்கலன்களிலேயே விற்கப்படுகின்றன. ஆகவே படலமாக்கிகள் மிகுதியாக உள்ள பொருள்களிலேயே பட்டியல் இல்லாதிருக்கலாம். பட்டியல் உள்ளவிடத்தும் அது பன்னாட்டுப் பெயர்களில் உரோமன் எழுத்தில் அமைகிறது.

பட்டியலில் பன்னாட்டுப் பெயர் இருப்பது தவறன்று. வேதிச் சேர்மங்களின் பெயர்களை எழுத்துப்பெயர்ப்பாகவே கொள்ளலாம் என்பது 1961-இல் அமைந்த அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் நெறிகளுள் ஒன்று. ஒரு பொருளை உலகெங்கும் ஒன்றென அறிய அதுவே வழி. ஆனால் அடையாளம் காட்டும் பெயர் விளக்கம் தருவதில்லை; விளக்கம் தரும் பெயர் அடையாளம் காட்டுவதில்லை. படலமாக்கிகள் நூற்றுக்கு மேலும் இருக்கலாம். அவற்றுள் எது என அச்சொல் கூறாது. எனவே இரண்டும் தேவைப்படுகின்றன. தமிழில் எழுதப்பெறும் விளக்கத்தாள், நுகர்வோர் கையேடு, மருத்துவ அறிவுரை ஆகியவற்றில் பின்வரும் மூன்று கூறுகளும் இடம்பெறலாம்.

அ) அடையாளப்பெயர்: ஒரே எழுத்துப்பெயர்ப்பு வடிவம், அதனோடு பிற துறைப் பெயர்கள்.
ஆ) வகைப்பெயர்: ஒருபடி, பலபடி, இணைப்பலபடி என்பவற்றுள் ஒன்று. இலங்கையில் பல்பகுதியம் முதலிய அந்நாட்டு வழக்கு.
இ) தொழிற்பெயர்: படலமாக்கி, நுரைப்பி, பதப்பொருள் முதலியன.

இம்முறையில் நம் பொருள் 'பாலிவினைல்பைரோலிடோன் (பி.வி.பி., பொவிடோன்): நீரில் கரையும் பலபடி, படலமாக்கி' எனப் பெயர் பெறும். ஒவ்வாமை உடையவர் 'பொவிடோன்' என்பதைக் கண்டு விலகுவார். குழாய்ப் பிளாஸ்டிக் என அஞ்சியவர் 'நீரில் கரையும்' என்பதைக் கண்டு தெளிவார். ஏதும் அறியாதவர் 'படலமாக்கி' என்பதால் அதன் பயனை அறிவார்.

8. முடிவுரை

பாலிவினைல்பைரோலிடோன் என்னும் பலபடியின் பெயர்களை ஆராய்ந்ததில் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒரு பொருள் துறைதோறும் பெயர் மாறுவதால் வேதியியலார்க்குக் காரணப்பெயராக உள்ளது வாங்குவோர்க்கு இடுகுறியாகிறது. படலம், பலபடி, சாந்து எனத் தேவையான சொல்வளம் தமிழில் உள்ளது. அவற்றுள் பொருள் மயக்கம் குறைந்ததைத் தேர்ந்து நிலைப்படுத்துவதே எஞ்சியுள்ள பணி. ஒருபடி, பலபடி என்னும் எதிரிணையைக் காப்பது மொழித்தூய்மை பற்றிய வினாவன்று. தோலில் பூசும் பொருளின் தீங்கையும் தீங்கின்மையையும் பிரித்தறியும் கருவி அது. இதே முறையில் ஒப்பனைப் பொருள்களில் பயிலும் ஏனைய வேதிப்பெயர்களையும் வகைதொகை செய்து, தமிழக, இலங்கை வழக்குகளை ஒருங்கே தரும் சிறு சொற்பட்டியல் ஒன்று உருவாக்கப்படுமாயின், அது மொழியியலார்க்கும் மருத்துவர்க்கும் பொதுமக்களுக்கும் ஒருசேரப் பயன்படும்.